மாமாவும் ஒரு சேற்று எரிமலையும்

அந்தமானில் பாராடாங் தீவுக்குப் போக வேண்டுமென்றால் நடுராத்திரியில் எழுந்தாக வேண்டும். முழுப்பரீட்சை லீவில் பிள்ளைகள் கனவில் இருக்கும்போதே அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். நாங்கள் கிளம்பிய ஊரின் பெயரை 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் டிரைவர் வாயில் இன்னமும் போர்ட் பிளேர்தான். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். மாமாவுக்கு அது பெரிய ஆறுதல், சண்டை போட ஒரு ஆள் கிடைத்தாரே.

மாமா என்றால் என் மாமனார். பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ரிட்டையர் ஆனவர். எதைப் பார்த்தாலும் முதலில் எஸ்டிமேட்தான் போடுவார்.

ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் ஏகப்பட்ட வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஜாரவா பழங்குடிகள் வாழும் காட்டு வழி அது. போலீஸ் காவலோடு கான்வாயாகத்தான் விடுவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, ஓவர்டேக் கூடாது, போட்டோ கூடவே கூடாது. "அவங்களைப் பார்க்க முடியுமாப்பா?" என்றார் மாமா. டிரைவர் திரும்பாமலே சொன்னார்: "அவங்க வீட்டு வழியா நாம போறோம் சார். அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பார்ப்பீங்களா?" மாமா வாயை மூடிக்கொண்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் பார்க்காத காட்சி அது.

காடு முடிந்ததும் வண்டியோடு சேர்த்துப் படகேற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஸ்பீட் போட். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டின் பக்கிள் அத்தைக்கு எட்டவில்லை. இவரும் படகுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பூட்டினார்கள். ஓடை குறுகக் குறுக அலையாத்தி மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி, கடைசியில் தலைக்கு மேலே கிளைகள் கூரை போட்டுவிட்டன. வேர்கள் சேற்றில் முட்டி போட்டு நின்றன. தண்ணீரில் முதலை உண்டு என்று போர்டு வேறு. அதைப் படித்ததும் அத்தை படகு விளிம்பிலிருந்த கையை எடுத்து மடியில் வைத்தவர்தான், இறங்கும்வரை அசையவில்லை.

இறங்கி வயல், குடிசை, மரநிழல் என்று நடந்தால் சுண்ணாம்புக் குகை. வழியில் ஒரு எலுமிச்சை ஜூஸ் கிடைத்தது பாருங்கள், அதற்காகவே இன்னொரு தடவை போகலாம். உள்ளே கும்மிருட்டு. கைடு டார்ச் அடித்துக் காட்டினார்: தாமரை, யானைத் தும்பிக்கை. அத்தைக்கு எல்லாமே பிள்ளையார்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டுக் கும்பிடப் போனவரைக் கைடு பதறித் தடுத்தார். கையிலிருக்கும் எண்ணெய்ப் பசை பட்டால் பாறை கறுத்துவிடுமாம், வளர்ச்சியும் நின்றுவிடுமாம்.

மாமாவின் தலையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தார்.

"சீலிங்ல லீக்கேஜ்."

"அந்த லீக்கேஜ்தான் தாத்தா இந்தக் குகையே!" என்றாள் என் ஏழாம் வகுப்பு மகள். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து இறங்குகிறது. சொட்டும் இடத்தில் துளித்துளியாகச் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போகிறது, மேலிருந்து தொங்குவதும் கீழிருந்து எழும்புவதும் அப்படி வந்ததுதான், இந்த உயரம் வர ஆயிரக்கணக்கான வருஷம் என்று ஒப்பித்தாள். மாமா கேட்டது ஒன்றுதான்: "காண்ட்ராக்டர் யாரு?"

அடுத்தது எரிமலை. மாமா இரண்டு நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். படியேறி மூச்சு வாங்கிப் போய்ப் பார்த்தால், வேலிக்குள் சாம்பல் நிறச் சேறு. கேழ்வரகுக் களி கொதிக்கிற மாதிரி ஒரு குமிழி மெல்ல உப்பி, 'ப்ளக்' என்று உடைந்தது. அடுத்த குமிழிக்குக் காத்திருந்தோம். காத்திருந்துகொண்டே இருந்தோம்.

"இவ்வளவுதானா?"

"அடியில மக்கினதுலேர்ந்து வர்ற வாயு சார், சேத்தைத் தள்ளுது. 2004 பூகம்பத்துக்கு அப்புறம் 2005-ல நல்லாவே வெடிச்சுது. நெருப்பு கக்குற எரிமலை வேணும்னா பாரன் தீவுக்குத்தான் போகணும்" என்றார் டிரைவர்.

"இதுக்கா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினீங்க?" என்று இவரைப் பார்த்தார் மாமா. இவர் குமிழியைப் பார்த்தார்.

திரும்பும்போது செக்போஸ்ட் தாண்டி சிக்னல் வந்ததும் மாமாவின் போன் அடித்தது. மதுரையிலிருந்து சித்தப்பா.

"எரிமலையா? பக்கத்துலயே போய் நின்னேன்டா. அனல் தாங்கல. உன் அண்ணிதான் பயந்து இழுத்துட்டு வந்துட்டா."

அத்தை போனைக் கேட்டு வாங்கினார்.