நார்வேல எந்த ஊரு நார்வேஜியன் பாஷை வேணும் உங்களுக்கு?

ஓஸ்லோ சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்கினா அங்கருந்து அரண்மனை வரைக்கும் நேரா ஒரு ரோடு போகுது. மேப்புல அது கார்ல் யோஹான். ஊர்க்காரங்க வாயில "காள் யூஹான்". ஆமாங்க, சாட்சாத் நம்ம ள் தான்! ர-வுக்கு பின்னாடி ல வந்தா ரெண்டும் கலந்து ள் ஆயிடுது, ன வந்தா ண் ஆயிடுது. குழந்தைக்கு "பார்ன்"னு எழுதுவாங்க, பேசறப்ப "பாண்". ஐரோப்பால போய் ளகர ணகரம் கேப்பேன்னு கனவுலயும் நினைக்கல, ஒரு இங்கிலீஷ்காரன் மாசக்கணக்கா நாக்க மடிச்சு பழகணும், நமக்கு அது ஒண்ணாங்கிளாஸ்ல வந்த விஷயம்.

இன்னொண்ணும் இருக்கு, "தடிச்ச ல"ன்னு அவங்களே பேர் வெச்சிருக்காங்க. நம்ம "பாடு", "ஓடு"ல வர்ற ட மாதிரி நாக்கு மேல தட்டிட்டு வரும். சூரியனுக்கு "ஸூலா"ன்னு ஆப்ல சொல்லிக்குடுத்தாங்க, கிழக்கு நார்வேல பலர் "ஸூடா"ங்கறாங்க. ஆனா ஓஸ்லோலயே எல்லாரும் அப்படி பேசறதில்ல. ஊருக்கு நடுவுல ஆக்கர்ஸெல்வான்னு ஒரு ஆறு, ரொம்ப பெருசெல்லாம் இல்ல, ஆனா அதுக்கு இந்தப் பக்கம் கிழக்கு, பழைய மில் தொழிலாளிங்க ஏரியா, அந்தப் பக்கம் மேற்கு, காசுக்காரங்க ஏரியா. கிழக்குல தடிச்ச ல, மேற்குல மெல்லிசான ல. ஊர் பேரையே கிழக்குல "ஊஷ்லூ"ன்னும் மேற்குல பழைய ஆளுங்க "ஊஸ்லூ"ன்னும் சொல்வாங்க. இப்போ ரெண்டும் நல்லாவே கலந்துடுச்சுன்னு கேள்வி. ஆனாலும் ட்ராம்ல ஒரு முனைல ஏறி இன்னொரு முனைல இறங்கினா வித்தியாசம் என்னை மாதிரி வெளியூரான் காதுக்கே கேக்குது.

இதுல கிழக்கு புறநகர்ல ஒரு புது சரக்கும் இருக்கு. வெளிநாட்டுலருந்து வந்தவங்க பிள்ளைங்களும் அவங்க கூட வளர்ந்த நார்வே பிள்ளைங்களும் பேசற பேச்சு, 1990கள்ல இதுக்கு "கெபாப் நொஷ்க்"னு பேர் விழுந்துச்சு (நொஷ்க்னா நார்வே மொழி). அரபி, உருது, பெர்பர்னு எங்கெங்கருந்தோ வார்த்தை, வரிக்கு வரி "வல்லா" (அரபில "சத்தியமா"). நார்வேஜியன்ல வினைச்சொல் ரெண்டாவது இடத்துல தான் உக்காரணும்னு கண்டிப்பான ரூல் ஒண்ணு இருக்கு, இவங்க அதையே சில சமயம் தூக்கி கடாசிடறாங்க. அந்த பேர்ல ஒரு நக்கல் இருக்கறது எனக்கு பிடிக்கல. மத்த எல்லா பேச்சுக்கும் ஊர் பேரு, இதுக்கு மட்டும் சாப்பாட்டு பேரா?

சரி, அங்கருந்து மேற்குக் கரைல இருக்கற பேர்கனுக்கு ரயில். 1909ல திறந்த லைன், ஃபின்ஸெங்கற ஸ்டேஷன் 1222 மீட்டர் உயரத்துல இருக்கு, ஜன்னலுக்கு வெளிய எல்லாம் வெள்ளை. அந்த அழகைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, நான் எழுதல. பக்கத்து சீட்டு பாட்டி தன்னோட சீட் நம்பர் 35ங்கறத "ஃபெம் ஓ ட்ரெட்வெ"ன்னாங்க, அதாவது அஞ்சும் முப்பதும். நான் படிச்சது "ட்ரெட்டிஃபெம்", முப்பத்தஞ்சு. கேட்டா சிரிச்சுட்டு கதை சொன்னாங்க. 1951ல பார்லிமென்ட்டே எண்ணிக்கைய திருப்பிப் போட்டுடுச்சாம், டெலிபோன் நம்பர் சொல்றப்ப குழப்பம் வருதுன்னு டெலிபோன் இலாகாலருந்து கேட்டதால. ஸ்கூல், ரேடியோ எல்லாம் மாறிடுச்சு, ஆனா எழுபது வருஷம் தாண்டியும் வீட்டுக்குள்ள பழைய எண்ணிக்கை சாகல. சட்டம் போட்டா நாக்கு கேக்குமா?

பேர்கன்ல இறங்கின உடனே என் ள், ண் பெருமையெல்லாம் காலி. அங்க ர-வ தொண்டைல உரசறாங்க, பிரெஞ்சுக்காரங்க மாதிரி. நாக்கு நுனில ர இல்லன்னா பின்னாடி வர்ற எழுத்தோட கலந்து ண் ஆகறதுக்கு வழியே இல்ல, "பாண்" மறுபடி "பார்ன்" ஆயிடுச்சு. ஓஸ்லோல பேச்சு கடைசில மேல ஏறும், சாதாரணமா சொன்னாலே கேள்வி கேக்கற மாதிரி இருக்கும். இங்க அப்படியே தலைகீழ். ஜெர்மன் ஹன்ஸா வியாபாரிங்க 1360 வாக்குல ப்ரிக்கன் துறைமுகத்துல ஆபீஸ் போட்டு நானூறு வருஷம் உக்காந்திருந்த ஊரு இது, அந்த சகவாசத்துல இலக்கணமே இளைச்சுப்போச்சுன்னு சொல்றாங்க. மத்த நார்வேல பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு ஆண், பெண், ரெண்டும் இல்லாததுன்னு மூணு பால், பேர்கன்ல ரெண்டு தான். குப்பைக்கு ஓஸ்லோக்காரங்க வேற வார்த்தை வெச்சிருக்காங்க, இங்க "பாஸ்". குப்பை வண்டி "பாஸ்பீல்". சென்னைல பழக்கத்துல யாரையாவது கூப்பிடற வார்த்தைய இங்க ஜாக்கிரதையா யூஸ் பண்ணுங்க.

இதுக்கெல்லாம் காரணம் என்னன்னா, பேசறதுக்குன்னு அரசாங்க அங்கீகாரம் வாங்கின ஒரு நார்வேஜியன் கிடையவே கிடையாது. எழுத்துக்கு ரெண்டு இருக்கு. டென்மார்க் கீழ 1814 வரைக்கும் இருந்ததால டேனிஷ் எழுத்துலருந்து வந்தது பூக்மோல், பெரும்பாலானவங்க எழுதறது அது தான். இன்னொண்ணு நீநொஷ்க், ஈவர் ஓஸன்ங்கற விவசாயி மகன் 1842லருந்து நாலு வருஷம் கிராமம் கிராமமா அலைஞ்சு பேச்சு சேகரிச்சு, அதுலருந்து கட்டின எழுத்து. 1885ல ரெண்டுக்கும் சம உரிமை குடுத்தாங்க, ஆனா நடைமுறைல ஸ்கூல் பிள்ளைங்கள்ல பத்துக்கு ஒண்ணு தான் நீநொஷ்க் பக்கம். ஓஸன் நகரத்துப் பேச்ச ஒதுக்கிட்டார், டேனிஷ் கலப்படம்னு. எனக்கு அது ஓரவஞ்சனையா தான் படுது, ட்ராம்ல பேசறவனும் நார்வேக்காரன் தானே. அவர் பக்கத்து நியாயமும் இருக்கு, அப்போ கிராமத்துப் பேச்ச சீந்த ஆள் இல்ல. அப்புறம் 1878ல பார்லிமென்ட் ஒரு முடிவு எடுத்துச்சு, வாத்தியார் முடிஞ்ச அளவு பிள்ளைங்களோட வீட்டுப் பேச்சுலயே பாடம் நடத்தணும்னு. ப்ரொஃபசரும் மந்திரியும் ஊர் பாஷைலயே மைக்ல பேசறது அந்த ஊர்ல செய்தியே இல்ல.

கஷ்டம் நம்மள மாதிரி வெளியாளுக்கு தான். பேர்கன்லருந்து வடக்க போற கடலோர கப்பல்ல ஏறினேன், 1893லருந்து ஓடற சர்வீஸ், கிர்கெனஸ் வரைக்கும் போனா 34 துறைமுகம். "நான்"ங்கற ஒரு வார்த்தைய மட்டும் காதுல பிடிச்சுக்கிட்டே போனா போதும், எங்க இருக்கோம்னு தெரிஞ்சுடும். ஓஸ்லோல "யை". பேர்கன்ல "ஏக்". மோல்டெ வந்தா வெறும் "ஈ". ட்ரோன்ட்ஹைம்லருந்து வடக்க பெரும்பாலும் "பேங்க்"னு சொல்றப்ப வருமே ஒரு சத்தம், ஏ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவுல, அது மட்டும் தான் "நான்". ட்ரோன்ட்ஹைம்ல வார்த்தையோட வாலையும் வெட்டிடுவாங்க, எறியறதுக்கு மத்த ஊர்ல "காஸ்டெ", இங்க "காஸ்ட்", முடிஞ்சுது. ஆள் "மான்" இங்க "மாஞ்", நம்ம ஞ்! "நானும் ஏ பிரிவு தான்"ங்கறத அவங்க சொல்றது "ஏ எ இ ஆ ஏ ஓ". மெய்யெழுத்தே கிடையாது, இத அவங்களே ஜோக்கா சொல்லிக்கிறாங்க.

ட்ரோம்ஸொல ஒரு கடைல நின்னுட்டு இருந்தப்ப பின்னாடி "தம்பி, தமிழோ?"ன்னு ஒரு குரல். யாழ்ப்பாணத்து அண்ணன். 1980கள்ல வந்தவர், வடகோடி ஃபின்மார்க்ல மீன் ஃபேக்டரில வேலை, அந்த காலத்துல வந்த ஈழத் தமிழர் நிறைய பேருக்கு நார்வேன்னா முதல்ல அந்த மீன் ஊருங்க தான். ஓஸ்லோக்கு போனதெல்லாம் பின்னாடி. இவர் போகல. கடைக்காரப் பொண்ணு ஏதோ கேட்டா, இவர் "யா"ன்னு மூச்ச உள்ள இழுத்து பதில் சொன்னார், அசல் வடக்கத்தி ஸ்டைல். எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, அண்ணனுக்கு மூச்சுத் திணறுதுன்னு.

"அண்ணே, நீங்க பேசறது ஓஸ்லோல புரியுமா?"

"விளங்கும் தம்பி, ஏன் விளங்காது? சிரிப்பினம். அங்கத்தைய எங்கட சொந்தக்காரப் பெடியளே என்னைப் பார்த்து மீன்காரற்ற நொஷ்க் எண்டு சொல்லிச் சிரிக்கிறவங்கள். சிரிக்கட்டும். அவங்கள் முதல்ல கோழிக்கு ஒழுங்காச் சொல்லட்டும்."

கோழி மேட்டர் இது தான்: கோழிக்கறிக்கு "ஹ்யிலிங்"னு மெல்லிசா காத்து விட்டு சொல்லணும், இப்போ நகரத்துப் பிள்ளைங்க பலர் "ஷிலிங்"னு சொல்றாங்க. நார்வே பேப்பர்ல பெருசுங்க இதப் பத்தி புலம்பாத வருஷம் இல்ல. மொழி ஆராய்ச்சிக்காரங்க அது பாட்டுக்கு மாறட்டும்ங்கறாங்க.

அண்ணன் ஒத்துக்கல. கடைலருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் எனக்கு "ஹ்யிலிங்" சொல்லிக்குடுத்துட்டே வந்தார்.