ஒரே வாளித் தண்ணீர், இரண்டு ரீடிங்

நான் பராமரித்த நீச்சல் குளத்தில் காலை ஷிப்ட் எனக்கு, மாலை ஷிப்ட் என்னைவிட மூத்த ஒருவருக்கு. பதிவேட்டில் கட்டற்ற குளோரின், அதாவது கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின், 1.0 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று நான் எழுதினால் அவர் 1.9 எழுதுவார். இடையில் யாரும் குளோரின் போட்டிருக்க மாட்டார்கள். வெயிலில் குறைய வேண்டியது எப்படிக் கூடும்? இரண்டு வாரம் இப்படியே ஓடியது. அவருக்குக் கண் சரியில்லை என்று நான் நினைத்தேன். எனக்குப் பொறுமை இல்லை என்று அவர் நினைத்திருப்பார்.

கடைசியில் ஒருநாள் நேரிலேயே பார்த்துவிடலாம் என்று இருவரும் சேர்ந்து நின்றோம். தண்ணீர் உள்ளே வரும் வாய்க்குப் பக்கத்தில் எடுக்காமல், முழங்கை ஆழத்தில் ஒரே வாளியில் எடுத்தோம். குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் சோதனை மாத்திரையைக் கையால் தொடவில்லை. அவரவர் சோதனைக் குழாயின் வெளிப்பக்கத்தைத் துடைத்துத்தான், நிறத்தை அளந்து எண்ணாகக் காட்டும் போட்டோமீட்டரில் வைத்தோம். அப்போதும் எனக்கு 1.0, அவருக்கு 1.9. மீட்டர் ஒன்றுதான், மாத்திரையும் ஒரே அட்டையில் கிழித்தது. மிச்சம் இருந்தது கண்ணாடிக் குழாய்தான். அதை மாற்றிக்கொண்டு செய்தோம், ரீடிங்கும் மாறிக்கொண்டது.

"அண்ணே, நேத்து இதுல என்ன டெஸ்ட் பண்ணீங்க?"

"மொத்தக் குளோரின்தான். தினமும் மூடுறதுக்கு முன்னாடி பண்றதுதானே. அப்புறம் அலசித்தான் வெச்சேன்."

ஒரு தடவை அலசியது போதவில்லை. மொத்தக் குளோரின் (கட்டற்றதும் கட்டுண்டதும் சேர்ந்தது) பார்க்கப் போடும் டிபிடி 3 என்ற மாத்திரையில் பொட்டாசியம் அயோடைடு இருக்கிறது. அதன் மிச்சம் துளி ஒட்டியிருந்தாலும், வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து செயலிழந்துபோன கட்டுண்ட குளோரினும் நிறம் காட்டிவிடும். அதைக் கட்டற்ற குளோரின் என்று நாம் எழுதிவிடுவோம். அவர் கணக்கில் மொத்தம் 2.1, கட்டற்றது 1.9, கட்டுண்டது வெறும் 0.2. பார்க்க எவ்வளவு நல்ல குளம்! உண்மையில் கட்டுண்டது 1.1. அது 0.5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். கண் எரிகிறது, குளோரின் நெடி தாங்கவில்லை என்று நீந்த வந்தவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். நாங்கள் பதிவேட்டைக் காட்டிச் சமாதானம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தோம். அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

சரி, அன்றிரவு குளத்தை மூடிவிட்டு, கட்டுண்டதை உடைத்துப் போக்க, கட்டுண்ட குளோரினைப் போல் பத்து மடங்கு என்ற கணக்கில், கொஞ்சம் தாராளமாகவே குளோரின் போட்டோம். பம்பு சில மணி நேரம் ஓடிய பிறகு சோதனை செய்தது நான். மாத்திரை கரையும்போது இளஞ்சிவப்பு ஒரு கணம் மின்னி மறைந்தது. மீட்டரில் 0.0. தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் பார்த்தால் ஊதா நிறம், 8.2-க்கும் மேலே, அதாவது காரம் அதிகம். போட்டது பூராவும் தீர்ந்துவிட்டது, இன்னும் ஒரு டப்பா போட வேண்டும், கூடவே அமிலமும் ஊற்ற வேண்டும் என்று முடிவு கட்டி மூடியைத் திறந்துவிட்டேன்.

"இருப்பா, கலர் வந்துட்டுத்தானே போச்சு?" என்று அவர் தடுத்தார். ஒரு பங்கு குளத்துத் தண்ணீரில் ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து கொடுத்தார். ரீடிங் 1.8. பத்தால் பெருக்கினால் 18 பிபிஎம். குளோரின் மிதமிஞ்சிப் போனதால் மாத்திரை தந்த சாயமே வெளுத்துப்போய்ச் சுழியம் காட்டியிருக்கிறது. பிஎச் பார்க்கும் ஃபீனால் சிவப்பையும் அதே குளோரின்தான் ஊதாவாக்கியிருந்தது. திறந்த டப்பாவைப் பேசாமல் மூடினேன். குழாய் விஷயத்தில் நான் அவரைப் பார்த்துச் சிரித்ததை அவர் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை.

குளோரின் இறங்கும்வரை குளத்தைத் திறக்கவில்லை. மொத்தக் குளோரினுக்கென்று ஒரு குழாயை ஒதுக்கி, மூடியில் சிவப்புப் பெயிண்ட் தடவினோம். பதிவேட்டில் 'எந்தக் குழாய்' என்று புதிதாக ஒரு கட்டமும் போட்டோம். அதில் முதலில் எழுதியது அவர்தான்.