இருட்டில் தெரியாத கால்

ஜனவரி 12, 2025

தம்பி லண்டனிலிருந்து கோபிக்கு வந்து சேர்ந்தான். மெலிந்திருக்கிறான். வாசலில் ஒரு செருப்பு கழன்றது அவனுக்கே தெரியவில்லை. ரெண்டு மாதமாகப் பாதம் மரத்திருக்கிறதாம். "குளிருனாலதாங்க்கா" என்கிறான்.

ஜனவரி 15

பட்டிப் பொங்கல். பொழுதோட எல்லோரும் கட்டுத்தரைக்குப் போகும்போது கரண்ட் போனது. தம்பி அப்படியே சாய்ந்து விழுந்தான். தடுக்கிவிட அங்கே கல்லும் இல்லை, குழியும் இல்லை. "இருட்டானா கால் எங்க இருக்குதுன்னே தெரியலீங்க்கா." அமிச்சி மிளகாய் சுற்றிப் போட்டார். எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஜனவரி 18

கோயம்புத்தூர். நரம்பு டாக்டர் அவனைக் காலைச் சேர்த்து நிற்க வைத்து, கண்ணை மூடச் சொன்னார். சாய்ந்தவனை அவரே தாங்கிப் பிடித்தார். ரத்தத்தில் பி12 சரியாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு நிம்மதி. டாக்டர் அப்பாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு, "பலூன்ல கேஸ் இழுக்கற பழக்கம் இருக்குங்களா தம்பி?" என்றார்.

ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையசைத்தான். கிரீம் அடிக்கிற 8 கிராம் குப்பியில் ஆரம்பித்துப் பெரிய சிலிண்டர் வரைக்கும் போயிருக்கிறான். லண்டனில் 2023 நவம்பரிலிருந்து போதைக்காக அதை வைத்திருப்பதே குற்றம்.

பலூனில் இழுக்கும் அந்த கேஸ், நைட்ரஸ் ஆக்சைடு, பி12க்குள் இருக்கும் கோபால்ட்டைக் கெடுத்துவிடுமாம். சத்து ரத்தத்தில் இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகாது. நரம்பைச் சுற்றியிருக்கும் உறை சிதைந்துவிடும். பி12 வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீனைப் பார்த்தார்கள், எக்கச்சக்கம். ஸ்கேனில் கழுத்துத் தண்டுவடத்தின் பின்பக்கம் 'வி' எழுத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல வெள்ளையாகத் தெரிந்தது. கால் இருக்கும் இடத்தை மூளைக்குச் சொல்லும் நரம்புகள் அந்த வழியாகத்தான் போகின்றன.

அவன் மட்டும் அந்தப் பழக்கம் இல்லையென்று சொல்லியிருந்தால், அந்த நார்மல் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருப்போம். நினைக்க நினைக்க வயிறு கலங்குகிறது.

ஜனவரி 25

ஒரு நாள் விட்டு ஒரு நாள் 1 மில்லிகிராம் பி12 ஊசி. கேஸை விடாமல் எத்தனை ஊசி போட்டாலும் வீண் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தம்பி அப்பாவிடம் தானே சொன்னான். அப்பா அவனோடு பேசி மூன்று நாளாகிறது. ஆனால் ஊசிக்கு வண்டியில் கூட்டிப் போவது அவர்தான்.

பிப்ரவரி 21

சட்டைப் பொத்தானை அவனே போடுகிறான். தலையைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடிக்கிற மாதிரி இருந்தது குறைந்திருக்கிறது. பாதம் இன்னும் மரப்புதான். பகலில் வரப்பில் நடக்கிறான், சாயங்காலமானால் என் கை வேண்டும்.

ராத்திரி லண்டனிலிருந்து அவன் அறை நண்பன் கூப்பிட்டான். விரல் நுனியெல்லாம் ஜிவ்வென்று இருக்கிறதாம். "டாக்டர்கிட்ட பலூன்னு சொல்லுடா. டெஸ்ட் நார்மல்னு வந்தாலும் சொல்லு." தம்பி அரை மணி நேரம் கெஞ்சினான். நண்பன் நாளைக்குப் பார்க்கலாம் என்றானாம்.

பிப்ரவரி 22

நண்பன் இன்னும் போகவில்லை. தம்பி திரும்பவும் போன் போட்டுக்கொண்டிருக்கிறான்.