இடது கையில ஒரு கிண்ணம்: ஒசாகா நாட்குறிப்பு

2023 ஏப்ரல் 6

ஜப்பான்ல ஒசாகா வந்து நாலாவது நாள். மதியம் டீம்ல எல்லாரும் சேர்ந்து பக்கத்துல ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. உக்காந்ததுமே சுருட்டுன ஈரத்துண்டு வந்துச்சு, கை துடைக்க, ஓஷிபோரின்னு பேரு. சாப்பாடு வந்ததும் எல்லாரும் கை கூப்பி "இதாதாகிமாஸ்"னு சொன்னாங்க. பணிவா வாங்கிக்கிறேன்னு அர்த்தமாம். தினமும் மூணு வேளை இதச் சொல்லிட்டுத்தான் சாப்பிடுறாங்கன்னு நெனச்சப்போ மனசுக்கு ரொம்பப் பிடிச்சுது.

தட்டுல சோறு இடது பக்கம், மிசோ சூப் வலது பக்கம். நான் பழக்கத்துல இடது கைய மடியில வச்சுக்கிட்டுக் குனிஞ்சு சாப்பிட்டுட்டு இருந்தேன், பக்கத்துல இருந்த சீனியர் அக்கா மெதுவா, கிண்ணத்தக் கையில எடுத்துக்கோ, வாய் கிண்ணத்துக்கிட்ட போகக்கூடாது, கிண்ணம்தான் வாய்க்கிட்ட வரணும்னு சொன்னாங்க. கையச் சும்மா மடியில போடுறது இங்க மரியாதை இல்லையாம். சாப்பிடும்போது இடது கை எதுலயும் படக்கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வளத்த பொண்ணு நான். எடுத்தேன், ஆனா கை கூசுச்சு.

ஏப்ரல் 19

ராமென், சூப்ல போட்ட நூடுல்ஸ். உறிஞ்சுற சத்தம் கடை முழுக்கக் கேக்குது, யாரும் தப்பா நெனைக்கல. காசு போக மிச்சத்த டிப்ஸா மேசையில வச்சிட்டு வந்தேன், கடைக்காரர் தெரு வரைக்கும் ஓடி வந்து திருப்பிக் குடுத்தார். இங்க டிப்ஸ் கிடையாது.

மே 12

டீமோட ராத்திரி சாப்பாடு, இசாகாயாவுல, குடிச்சுட்டே சாப்பிடுற கடை அது. சியர்ஸ் மாதிரி கான்பாய்னு சொல்ற வரைக்கும் யாரும் கிளாஸத் தொடல. தன் கிளாஸுக்குத் தானே ஊத்திக்க மாட்டாங்க, பக்கத்துல இருக்கறவங்கதான் ஊத்தணும், நாம அவங்களுக்கு ஊத்தணும். என் கிளாஸ்ல ஊலாங் டீதான், ஆனாலும் காலியாக காலியாக நிரப்பிட்டே இருந்தாங்க, மரியாதைக்குக் குடிச்சுக் குடிச்சு வயிறு முட்டிப்போச்சு. போதும்னா குடிக்காம அப்படியே நிறைய வச்சிரணும்னு கடைசியிலதான் தெரிஞ்சுது. கேக்காமலே ஒரு குட்டிக் கிண்ணத்துல ஏதோ வச்சாங்க, ஓதோஷி, அதுக்கும் பில்லுல காசு உண்டு.

ஜூன் 3

இத எழுதவே கஷ்டமா இருக்கு.

அதே அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. கத்திரிக்காய் வறுவல் ரொம்ப நல்லா இருந்துச்சு, நீங்களும் எடுத்துக்கோங்கன்னு என் சாப்ஸ்டிக்குல ஒரு துண்ட எடுத்து நீட்டினேன், அவங்களும் சட்டுன்னு தன் சாப்ஸ்டிக்க நீட்டிட்டாங்க, துண்டு பாதி வழி வந்ததும் அவங்க கை அப்படியே நின்னுருச்சு. முகம் மாறிப்போச்சு. ஒண்ணும் சொல்லாம ஒரு சின்னத் தட்ட எடுத்து நடுவுல நகத்துனாங்க, நான் அதுல வச்சேன்.

பாத்திரம் கழுவும்போதுதான் சொன்னாங்க. இங்க தகனம் முடிஞ்சதும் சொந்தக்காரங்க சாப்ஸ்டிக்காலதான் எலும்ப எடுத்துக் கலசத்துல வைப்பாங்க, ஒருத்தர் சாப்ஸ்டிக்குல இருந்து இன்னொருத்தர் சாப்ஸ்டிக்குக்கு மாத்துறது அந்த நேரத்துல மட்டும்தான். போன குளிர்காலத்துலதான் அவங்க அப்பாவுக்கு அப்படி எடுத்து வச்சாங்களாம். அதே மாதிரிதான் சோத்துல சாப்ஸ்டிக்க நட்டுக்குத்தா நிக்க வைக்கிறதும், இறந்தவங்களுக்குப் படைக்கிற சோத்துல மட்டும்தான் அப்படி. நான் மன்னிப்புக் கேட்டேன். உனக்கு எப்படிமா தெரியும்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க, ரெண்டு பேர் கையிலயும் சோப்பு நுரை.

இந்த ஊர் விதிகள மனப்பாடம் பண்ணணும்னுதான் இவ்வளவு நாள் நெனச்சிட்டு இருந்தேன். அவங்க முகம் மாறினதப் பாத்ததுக்கப்புறம் அது விதியாவே தெரியல.

செப்டம்பர் 24

சோத்துக் கிண்ணத்துக்கு அடியில வளையம் மாதிரி ஒரு கால் இருக்கு. கட்டை விரல விளிம்புல வச்சு மத்த விரலால அந்தக் கால ஏந்திப் பிடிச்சா சூடு சுடாது. எனக்கே ஒண்ணு வாங்கிட்டேன், நீலக் கோடு போட்டது, உள்ளங்கைக்கு அளவா இருக்கு.

இன்னிக்கு அம்மா வீடியோ கால்ல இருந்தாங்க, நான் சாப்பிட்டுட்டே பேசிட்டு இருந்தேன். திடீர்னு, "என்னடி, இடது கையில சோத்தத் தூக்கி வச்சிருக்க?"ன்னாங்க. அவங்க கேட்டதுக்கப்புறம்தான் நானே பாத்தேன். அப்புறம் கிண்ணத்த கேமரா பக்கத்துல காட்டி, எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். அம்மா அடுப்படிக்குப் போய் ஒரு கிண்ணத்த எடுத்துட்டு வந்து, பிடிச்சுப் பாத்தாங்க.