திறக்க மறுக்கும் ஃபோல்டர்: பூட்டா, பழுதா?

விண்டோஸில் ஒரு ஃபோல்டர் திறக்க மறுத்தால், திரையில் வந்த செய்தியை முதலில் முழுசாகப் படியுங்கள். பாதிப் பேர் அதை மூடிவிட்டுத்தான் வழி தேடவே ஆரம்பிக்கிறார்கள். 'ஆக்சஸ் டினைட்' என்றோ 'பெர்மிஷன்' என்றோ வந்தால் அது பூட்டு. கோப்பு உள்ளே பத்திரமாக இருக்கிறது, உங்களுக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான். 'கரப்டட் அண்ட் அன்ரீடபிள்' என்று வந்தாலோ, பிழை எண் 80070570 என்று முடிந்தாலோ அது பழுது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் போய் அனுமதிகளை மாற்றி எழுதிக்கொண்டிருந்தால், மிச்சம் மீதி இருப்பதும் போய்விடும்.

பூட்டில் அதிகம் வருவது பழைய ஹார்டு டிஸ்க் விவகாரம். பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டுகிறோம், அல்லது விண்டோஸைப் புதிதாகப் போடுகிறோம். பயனர் பெயர் அதே பெயர், பாஸ்வேர்டும் அதே பாஸ்வேர்டு. ஆனாலும் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் நம் பழைய ஃபோல்டர் திறக்காது. ஏனென்றால் டிஸ்க்கில் கோப்புகளையும் அனுமதிகளையும் பதிந்து வைக்கும் என்டிஎஃப்எஸ் என்ற அமைப்பு பெயரைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் விண்டோஸ் ஒரு நீண்ட அடையாள எண் கொடுக்கிறது. அனுமதிகள் எல்லாம் அந்த எண்ணின் பேரில்தான் பதிவாகின்றன. புது விண்டோஸில் உங்கள் எண் வேறு. பழைய ஃபோல்டரின் செக்யூரிட்டி டேபில் பெயருக்குப் பதிலாக 'எஸ்-1-5-21' என்று தொடங்கும் எண்வரிசை தெரிந்தால், அதுதான் பழைய நீங்கள்.

அட்மின் கணக்கில் இருந்தால் முதலில் 'கன்டினியூ' பட்டனோடு ஒரு பெட்டி வரும். தயங்காமல் அழுத்தலாம். உங்கள் கணக்கை அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் விண்டோஸே சேர்த்துவிடும். உள்ளே ஆயிரக்கணக்கில் கோப்புகள் இருந்தால் பச்சைக் கோடு மெதுவாக நகரும், நடுவில் மூடிவிடாதீர்கள். பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் உரிமையாளரை மாற்ற வேண்டும். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி டேப், அட்வான்ஸ்டு. மேலே 'ஓனர்' வரியில் 'சேஞ்ச்' இருக்கும். அதை அழுத்தி, பெட்டியில் உங்கள் பயனர் பெயரைத் தட்டி, 'செக் நேம்ஸ்' கொடுங்கள். பெயருக்குக் கீழே கோடு விழுந்தால் சரியான பெயர். ஓகே கொடுத்ததும் ஓனர் வரிக்குக் கீழே 'ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ்' என்று ஒரு கட்டம் முளைக்கும். அதில் டிக் போட மறந்தால் வெளி ஃபோல்டர் மட்டும் உங்களுடையதாகும், உள்ளே இருப்பவை அப்படியே பூட்டிக் கிடக்கும். அப்ளை கொடுத்துவிட்டு எல்லா ஜன்னலையும் மூடி, திரும்பவும் அதே இடத்துக்கு வாருங்கள். மூடாமல் தொடர்ந்தால் புது நிலவரம் பெட்டியில் தெரியாது.

உரிமையாளர் ஆனதாலேயே திறக்கும் அனுமதி வந்துவிடாது. அனுமதி கொடுத்துக்கொள்ளும் அதிகாரம்தான் வந்திருக்கிறது. எனவே இரண்டாம் சுற்றில் 'ஆட்', 'செலக்ட் எ பிரின்சிபல்', மறுபடி உங்கள் பெயர், 'ஃபுல் கன்ட்ரோல்', ஓகே. கீழே உள்ள 'ரீப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட்' கட்டத்திலும் டிக் போட்டு அப்ளை. பட்டியலில் 'டினை' என்று ஏதாவது வரி இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். ஒரே ஃபோல்டரில் அனுமதியும் மறுப்பும் நேரடியாகப் போடப்பட்டிருந்தால் மறுப்புதான் ஜெயிக்கும்.

இதையே சி டிரைவ் முழுவதற்கும் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. செய்யாதீர்கள். விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கும் முக்கியக் கோப்புகளுக்கு 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற சேவைதான் உரிமையாளர். அதை மாற்றினால் விண்டோஸின் பாதுகாப்புத்தான் போகும். சி டிரைவில் மங்கலாகத் தெரியும் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' திறக்காததும் கோளாறு அல்ல. பழைய மென்பொருள்களை யூசர்ஸ் ஃபோல்டருக்குத் திருப்பிவிட வைத்திருக்கும் கைகாட்டி அது. அதற்குள் பார்க்க ஒன்றுமில்லை.

ப்ராப்பர்ட்டீஸின் முதல் பக்கத்தில் 'ரீட் ஒன்லி' கட்டத்துக்குள் ஒரு கறுப்புச் சதுரம் இருக்கும். அதை எடுத்துவிட்டால் திறக்கும் என்று நம்பிப் பலமுறை எடுப்பார்கள்; அது மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபோல்டர் திறப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உரிமையாளரை மாற்றியும், ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தும் கோப்பு திறக்காமல், ஐகான் மேல் சின்னப் பூட்டுப் படம் தெரிந்தால் அது இஎஃப்எஸ், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்பையே மாற்றி எழுதும் விண்டோஸின் குறியாக்கம். அனுமதியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. பழைய விண்டோஸிலிருந்து எடுத்து வைத்த, அந்தச் சாவி அடங்கிய சான்றிதழ் கோப்பு வேண்டும். டிரைவ் முழுவதையும் குறியாக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அங்கே பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி பழுது. டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது, ஃபோல்டர் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது, காப்பி நடுவில் உறைந்து நிற்கிறது என்றால் விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கட்டளையான செக்டிஸ்க் பக்கமே போகாதீர்கள். செக்டிஸ்க்குக்குக் கோப்பு அமைப்பை ஒழுங்காக்குவதுதான் வேலை, உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அல்ல. பொருந்தாத துண்டுகளை வெட்டி, 'ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் பெயரில்லாத கோப்புகளாகக் கொட்டிவிடும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நிலை மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால், கிடைத்தவரை முதலில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அதற்கு விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளை நல்லது. ஆனால் அதன் இயல்பான அமைப்பில், படிக்க முடியாத ஒரு கோப்பை 10 லட்சம் முறை, முறைக்கு 30 வினாடி காத்திருந்து முயன்றுகொண்டே இருக்கும். கட்டளையில் ஆர் (எத்தனை முறை), டபிள்யூ (எத்தனை வினாடி) இரண்டு மதிப்புகளையும் 1 என்று வைத்தால் கெட்டதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். நகல் கைக்கு வந்த பிறகு செக்டிஸ்க்கை ஸ்லாஷ் எஃப் சேர்த்து ஓட்டுங்கள். 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்தலாம்' என்று கேட்கும் டிஸ்க்குக்கும் 'கேன்சல்'தான் பதில்.

பூட்டும் இல்லாமல் பழுதும் இல்லாமல் அடம்பிடிக்கும் கோப்புகளும் உண்டு. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் பல மென்பொருள்கள் கைவிரித்துவிடும். மேல் ஃபோல்டர்களின் பெயரைச் சுருக்கினால் போதும். பெயரின் கடைசியில் ஒரு இடைவெளியோ புள்ளியோ ஒட்டியிருந்தால் எக்ஸ்ப்ளோரர் திணறும். அந்த ஃபோல்டரை 7-ஜிப் என்ற இலவச மென்பொருளின் ஜன்னலுக்குள் போய்த் திறந்து பெயரை மாற்றிப் பாருங்கள். வேறு மென்பொருள் கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால், விண்டோஸோடு வரும் ரிசோர்ஸ் மானிட்டரின் சிபியு பக்கத்தில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' தேடலில் கோப்பின் பெயரைப் போடுங்கள். பிடித்திருப்பது யார் என்று தெரிந்துவிடும்.

ஜெராக்ஸ் கடையில் செருகிவிட்டு வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் காணாமல் போய் ஷார்ட்கட்கள் மட்டும் நின்றால் அது வைரஸ் வேலை. ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள். முதலில் ஆன்டிவைரஸால் பென்டிரைவையும் கம்ப்யூட்டரையும் சோதியுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் பென்டிரைவின் எழுத்துக்கு மாறி, கோப்புகளின் மறைப்புக் குறியை மாற்றும் அட்ரிப் கட்டளையை மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ் ஆகியவற்றோடு, ஒரு நட்சத்திரக் குறியும் போட்டு, கடைசியில் ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி சேர்த்து ஓட்டினால் மறைந்தவை வெளியே வரும். சில சமயம் எல்லாம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும், அதையும் திறந்து பாருங்கள்.