முண்டுக்கு இந்தப் பக்கம்

"உருளைக்குப் பை ஆர் ஸ்கொயர் எச் தானே அண்ணா? நீங்க ஏன் நாலால வகுக்கிறீங்க?"

வேலூரில் ஒரு மரவாடியில் பதினெட்டு வருடமாக டேப் பிடிக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்டது பத்தாவது படிக்கும் பெண். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து தாத்தாவோடு டிராக்டரில் வந்திருந்தாள். கட்டை, அவர்கள் கொல்லையில் நின்ற வாகை.

சுற்றளவு 60 அங்குலம், நீளம் 10 அடி. சுற்றளவில் கால் பங்கு 15. அதை அதே 15ஆல் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் 15.6 கன அடி. நோட்டின் பின் அட்டையில் அவள் போட்ட கணக்கில் 19.9 வந்தது.

"வியாபார வழக்கம் அப்படித்தான் பாப்பா" என்றேன்.

"சாரு தப்பா போடுவாரா? சும்மா இரு கண்ணு" என்று தாத்தா அவளை அடக்கிவிட்டார்.

வழக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஹாப்பஸ் என்ற இங்கிலாந்துக்காரர் போட்ட அட்டவணையின் வழி வந்த கணக்கு இது. 100 கன அடி உருளை இதில் 78.5 ஆகத்தான் நிற்கும். பட்டை கழியும், வைரத்தைச் சுற்றிய வெள்ளை கழியும், ரம்பம் ஒரு பங்கைத் தின்னும். அதிலும் வாகை அறுக்கிற நாளில் அந்தத் தூளுக்கு மில்லே தும்மும். விலையும் இந்தக் கன அடியை வைத்தே பேசுகிறோம். உருளைக் கணக்குக்கு மாறினால் விலை அந்த அளவுக்கு இறங்கும், அவ்வளவுதான். இதையெல்லாம் அவளுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் விலை பேசும்போது இந்தக் கணக்கு தெரிந்தவர் ஒரு பக்கம்தான் இருக்கிறார் என்பதும் உண்மை. ஆயுசுக்கு ஒரு மரம் விற்க வருகிறவருக்கு 78.5 எங்கே தெரியும்?

சரி, நான் சொல்லாததற்குக் காரணம் அது இல்லை. பேச்சு கட்டையை விட்டு நகர்ந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

கட்டையின் நட்டநடுவில் ஒரு முண்டு புடைத்திருந்தது, இரண்டு கை சேர்த்துக் கவிழ்த்த மாதிரி. சுற்றளவை நடுவில்தான் எடுக்க வேண்டும். நடுவில் முண்டு வந்தால் அதன் மேல் டேப் போடக்கூடாது. இரண்டு பக்கமும் சம தூரத்தில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். நான் நுனிப் பக்கம் மட்டும் அளந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, முதலாளியும் கேட்டதில்லை. கை தானாக அந்தப் பக்கம் போகும். பதினெட்டு வருடத்தில் ஒரு தடவையாவது அடிப்பக்கம் போனதா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை.

அவள் சூத்திரத்தைக் கேட்டாள், டேப் இருந்த இடத்தைக் கேட்கவில்லை. எனக்கு அப்போது வந்தது நிம்மதி. இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

அவர்கள் போன பிறகு அடிப்பக்கம் அளந்தேன். 64. சராசரி 62 என்றால் 16.7 கன அடி. வித்தியாசம் ஒரு கன அடிக்குக் கொஞ்சம் மேலே. பெரிய தொகை இல்லை என்று அன்றைக்கே சொல்லிக்கொண்டேன். பெரிய தொகை இல்லையென்றால் கொடுப்பதும் சுலபம்தானே என்பது அப்புறம்தான் தோன்றியது.

இப்போது இரண்டு பக்கமும் அளக்கிறேன், புதுப் பையன்களுக்கும் அப்படியே காட்டுகிறேன். கால் பங்குக் கணக்கை மட்டும் மாற்றவில்லை. பெரியவரின் ஊர் பில் புத்தகத்தில் இருக்கிறது. ஒடுகத்தூருக்கு பஸ்ஸும் இருக்கிறது. இன்னும் போகவில்லை.