பச்சைத் திரைக்குப் புது முகம்

ஐபிஎம் 1988இல் வெளியிட்ட ஏஎஸ்/400 வகைக் கணினிகள் இன்றும் எத்தனையோ கிடங்குகளையும் கணக்குப் பிரிவுகளையும் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் திரையில் கறுப்புப் பின்னணி, பச்சை எழுத்து, 24 வரி, வரிக்கு 80 எழுத்து. எனக்கு வந்த வேலை, வெளிநாட்டு மொத்த வியாபாரி ஒருவரின் ஆர்டர் பதிவுத் திரைகளை பிரவுசருக்குக் கொண்டுபோவது. மேலிடம் கேட்டது ஒன்றுதான்: பார்க்க நவீனமாக இருக்க வேண்டும்.

அதற்குச் சுலபமான வழி உண்டு, ஸ்கிரீன் ஸ்கிரேப்பிங். திரைக்குப் போகும் தரவை ஒரு மென்பொருள் இடையில் பிடித்து வலைப்பக்கமாக மாற்றிக் காட்டும். எஃப்3, எஃப்12 விசைகள் எல்லாம் அழகான பட்டன்களாகிவிடும். ஆர்பிஜி என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய நிரலில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம். டெமோவில் கைதட்டல் நிச்சயம். எனக்கு இதில் பெரிய மதிப்பில்லை. என்ன வண்ணம் பூசினாலும் உள்ளே அதே 24 வரிதான். நீளமான பட்டியலுக்குப் பக்கம் பக்கமாகத்தான் தள்ள வேண்டும்.

ஆர்டர் எடுப்பவர்களைக் கவனித்தால் விஷயமே வேறு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வாடிக்கையாளர் எண், பொருள் குறியீடு, அளவு, எண்டர் என்று தட்டிக்கொண்டே போவார்கள். அடுத்த திரை வருவதற்குள் அதற்கான விசைகளையும் தட்டியிருப்பார்கள். பச்சைத் திரையைச் சாதாரணக் கணினியில் காட்டும் எமுலேட்டர் என்ற மென்பொருள் அவற்றைப் பிடித்துவைத்துத் திரை வந்ததும் நிரப்பும். பிரவுசரில் பக்கம் மாறும் நேரத்தில் தட்டியது காற்றோடு போச்சு. போதாததற்கு, அவர்கள் 'ரத்து' என்று பழகிய எஃப்12 குரோமில் நிரலாளர்களுக்கான டெவலப்பர் டூல்ஸைத் திறக்கும்! மவுஸ் வந்தால் வேகம் குறையும் என்று அவர்கள் முனகியதில் நியாயம் இருந்தது. அதனால் ஆர்டரை ஒரே பக்கத்தில் அடக்கி, பழைய விசைகள் அதே வேலையைச் செய்யும்படி ஜாவாஸ்கிரிப்டில் கட்டினோம். புதிதாகச் சேருபவர்களுக்குப் பட்டன்களும் இருந்தன.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. ஆர்பிஜியில் எக்ஸ்ஃபம்ட் என்றொரு கட்டளை: திரையைக் காட்டிவிட்டு, பதில் வரும்வரை நிரல் அதே வரியில் காத்து நிற்கும். அதைச் சுற்றியே தள்ளுபடிக் கணக்கு, கடன் வரம்பு எல்லாம் பின்னிக் கிடக்கும். வலைக்கு வர வேண்டுமென்றால் அவற்றைத் தனி நிரல்களாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஓரிடத்தில் இண்டிகேட்டர் 47, அதாவது நிரலுக்குள் இருக்கும் ஓர் ஆன்/ஆஃப் குறி, ஆன் ஆனால் ஒரு எண் சிவப்பாகும் என்று மட்டும் எழுதியிருந்தது. ஏன் என்று ஒரு விளக்கக் குறிப்புகூட இல்லை. ஆர்டர் பிரிவில் கேட்டதும் மூத்த அம்மா ஒருவர் உடனே சொன்னார்: பழைய பாக்கி இருக்கு, மேனேஜரைக் கேட்காமல் சரக்கு அனுப்பக் கூடாது. அந்த விதி வேறெங்கும் எழுதப்படவில்லை. அதன் பிறகு நிரலைப் படிப்பதற்கு முன்பே அவர்களிடம் போய் உட்கார ஆரம்பித்தோம்.

எல்லாத் திரைகளையும் மாற்றவில்லை. ஆண்டு முடிவில் மட்டும் திறக்கும் இருப்புச் சரிக்கட்டல் திரைகளைப் பச்சையாகவே விட்டுவிடச் சொன்னேன். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. செலவுக் கணக்கைக் காட்டியதும் சரி என்றார்கள்.